ஸ்டார் ட்ரெக் படங்களில் சறுக்கியவை: 1, 5, 7, 9, 10 – எது எந்த இடத்தில் உடைந்தது?

நெடுவான்

ஒற்றைப்படை எண் படம் என்றாலே தேறாது என்று ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் நெடுங்காலம் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 2002-இல் பத்தாவது படமான நெமிசிஸ் வந்து அந்தக் கணக்கையும் கெடுத்தது. எது மோசம் என்று வாக்கெடுத்தால் ஐந்துக்கும் பத்துக்கும்தான் போட்டி இருக்கும், அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு படமும் எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று பார்க்கலாமா? திரைக்கதையிலா, எஃபெக்ட்ஸிலா, எடிட்டிங் மேசையிலா? எடிட்டிங்கில் உடைந்ததைப் பின்னால் ஒட்ட முடியும், திரைக்கதையில் உடைந்ததை முடியாது. என் அளவுகோல் இதுதான்.

மூன்றாம் பாகத்தை (1984) வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சின்னப் படம்தான், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறது. கதாநாயகன் கர்க் தன் மகனையும் எண்டர்பிரைஸ் என்ற தன் கப்பலையும் இழக்கிறார், இரண்டுமே வலிக்கிறது. 2009-இல் தொடங்கி வந்த மூன்று படங்கள் தனி இழைக்கு உரியவை.

அமெரிக்க உள்நாட்டு வசூலைக் கையில் வைத்துக்கொள்வோம். முதல் படம் ஏறக்குறைய 8.2 கோடி டாலர், நான்காவது 10.9 கோடி, ஐந்தாவது 5.2 கோடி, ஏழாவது 7.5 கோடி, ஒன்பதாவது 7 கோடி, பத்தாவது 4.3 கோடி. பத்தாவதின் செலவு மட்டும் சுமார் 6 கோடி.

மினியேச்சர் மேசை

முதல் படத்தை இந்தப் பட்டியலில் பார்க்கவே மனசு ஒப்பவில்லை. அது உடைந்தது முழுக்க முழுக்கத் தேதியால். 1979 டிசம்பர் 7 என்று தியேட்டர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, தள்ளிப்போட வழியில்லை. எஃபெக்ட்ஸ் வேலையை முதலில் ராபர்ட் ஏபலின் நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். 1979 தொடக்கத்தில், படத்துக்கு உதவும் காட்சி எதுவும் கைக்கு வராத நிலையில் தயாரிப்பு நிறுவனமான பாரமவுண்ட் அவர்களை விலக்கியது. எஃபெக்ட்ஸ் நிபுணர் டக்ளஸ் ட்ரம்புல் உள்ளே வந்தபோது பத்து மாதம்கூட மிச்சமில்லை. ஒரு பகுதியை ஜான் டைக்ஸ்ட்ராவின் அபோஜி எடுத்துக்கொண்டது.

விளைவு என்ன? எஃபெக்ட்ஸ் ஷாட்கள் கடைசி வாரங்களில்தான் வந்து சேர்ந்தன. இயக்குநர் ராபர்ட் வைஸ் 'சிட்டிசன் கேன்' படத்தை எடிட் செய்தவர். அவருக்கே தன் படத்தை இழைத்து முடிக்க நேரம் கிடைக்கவில்லை. முன்னோட்டக் காட்சி போட்டு ஆட்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பார்க்கவும் இல்லை. ஷாட் வந்த நீளத்திலேயே படத்தில் ஒட்டப்பட்டது. பூமியை நோக்கி வரும் வீஜர் என்ற இயந்திரத்தைச் சூழ்ந்த மேகத்துக்குள் போகும் பகுதி ஜவ்வாக இழுக்கக் காரணம் அதுதான்.

ஆனால் அந்த ஷாட்களின் தரத்தைப் பாருங்கள். எண்டர்பிரைஸ் மாடல் ஏறக்குறைய எட்டு அடி நீளம். ஆழ்வெளியில் வெளிச்சம் தர சூரியன் கிடையாது. அதனால் கப்பலே தன் உடம்பில் விளக்கடித்துக்கொள்ள வேண்டும் என்று ட்ரம்புல் முடிவு செய்தார். சின்ன விளக்குகளின் ஒளியைப் பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கவைத்து, மாடலின் மேல் வட்ட வட்டமாக விழச் செய்தார்கள். மேல்பூச்சு முத்துச் சாயல் கொண்டது, வெளிச்சத்தின் கோணம் மாறினால் தகடுகளின் நிறமும் லேசாக மாறும். கப்பல்துறைக் காட்சியில் கர்க்கும் பொறியாளர் ஸ்காட்டியும் சிறு ஊர்தியில் கப்பலைச் சுற்றி வரும் அந்த ஐந்து நிமிடத்தை வெட்டச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது.

கயல்_47

கப்பல்துறையை யாரும் வெட்ட வேண்டாம், அது கர்க்கின் காதல் காட்சி. ஆனால் தேதி மேல் மட்டும் பழியைப் போட முடியாது சார். கதையின் எலும்பே, 1967-இல் மூலத் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு எபிசோடின் எலும்பு. பூமியிலிருந்து போன ஆய்வுக்கலம் வேற்றுப்பொருளோடு கலந்து, படைத்தவனைத் தேடி அலைகிறது. 50 நிமிடத்தில் முடிந்த விஷயத்தை 132 நிமிடத்துக்கு இழுத்தார்கள். கைவிடப்பட்ட ஒரு டிவி தொடருக்காக எழுதிய முதல் கதை அது என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தொடரின் செலவும் சேர்ந்துதான் படத்தின் கணக்கு 4.4 கோடி டாலரைத் தொட்டது.

கர்க், தர்க்கமே பெரிதென்று வாழும் ஸ்பாக், மருத்துவர் மெக்காய் மூவரும் ஒருவரோடொருவர் பேசுகிற நேரத்தைவிடத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் அதிகம். இந்தத் தொடர் ஓடியதே அந்த மூவரின் பேச்சால்தான்.

நெடுவான்

இரண்டு பேர் சொல்வதற்கும் ஒரே காட்சி சாட்சி. வீஜரை நினைத்து ஸ்பாக் கண்ணீர் விடும் ஒரு சின்னப் பகுதி உண்டு. வெறும் தர்க்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெறுமையில் நிற்கும் அந்த இயந்திரத்தில் தன்னையே பார்க்கிறார் ஸ்பாக். அவர் அந்தக் கப்பலுக்கு ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு விடையே அந்த இடம்தான். 1979-இல் தியேட்டருக்குப் போன பிரதியில் அது இல்லை! மேகத்தின் ஷாட்கள் இருந்தன, கண்ணீர் இல்லை. அவசரத்தில் எது போகும், எது தங்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

2001-இல் வைஸ் மேற்பார்வையில் வந்த இயக்குநர் பதிப்பில் அது இருக்கிறது. அதில் இன்னொரு திருத்தமும் உண்டு. மூலப் பிரதியில் மேகத்தின் அகலம் 82 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) என்று வசனம் வரும். புளூட்டோவின் சுற்றுப்பாதையே குறுக்காகச் சராசரியாக 79 அலகுதான். சூரியக் குடும்பத்தையே விழுங்கும் மேகம் பூமியை நெருங்கி வருகிறது என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. 2001-இல் அதை 2 அலகாக்கினார்கள்.

மினியேச்சர் மேசை

பதிப்புகள் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. மூன்று பதிப்புகள் சுற்றுகின்றன. தியேட்டர் பதிப்பு 132 நிமிடம். 1983-இல் ஏபிசி தொலைக்காட்சிக்காக வெட்டிய காட்சிகளையெல்லாம் திணித்து நீட்டிய பதிப்பு. பிறகு இயக்குநர் பதிப்பு, 136 நிமிடம். தொலைக்காட்சிப் பதிப்பில் கர்க் விண்வெளி உடையில் வெளியே வரும் ஷாட் ஒன்றில் கதவைச் சுற்றி ஸ்டுடியோவின் சாரமும் சட்டங்களும் அப்படியே தெரியும். எஃபெக்ட்ஸ் சேர்க்காமல் கைவிட்ட ஷாட் அது.

2001-இல் சேர்த்த புதிய எஃபெக்ட்ஸ் டிவிடி அளவு தெளிவில் மட்டுமே செய்யப்பட்டவை. அதனால் நெடுங்காலம் புளூ-ரேயில் இயக்குநர் பதிப்பு வரவில்லை. 2022-இல் அந்த வேலையை முதலிலிருந்து 4கே-யில் செய்து வெளியிட்டார்கள். பார்ப்பதாக இருந்தால் அதைப் பாருங்கள். ஒலியும் மறுபடி கலக்கப்பட்டிருக்கிறது.

பழைய ரீல்

ஐந்தாம் பாகத்துக்கு வருவோம். கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் இயக்கம், 1989 ஜூன் 9. மூன்று அடிகள் ஒன்றாக விழுந்த படம் இது.

முதல் அடி: 1988-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். திரைக்கதை மாதக்கணக்கில் நின்றது.

இரண்டாவது: நான்காம் பாகம் நகைச்சுவையால் ஓடியது, ஆகவே இதிலும் சிரிப்பு வேண்டும் என்று ஸ்டுடியோ கேட்டது. கப்பலை அங்குலம் அங்குலமாக அறிந்த ஸ்காட்டி தன் கப்பலிலேயே குறுக்குச்சட்டத்தில் தலையை முட்டி மயங்கி விழுவது அதனால்தான்.

மூன்றாவது: எஃபெக்ட்ஸ். பெரிய எஃபெக்ட்ஸ் நிறுவனமான ஐ.எல்.எம். அந்தக் கோடைக்கான வேறு பெரிய படங்களில் மூழ்கியிருந்தது. வேலை ப்ரான் ஃபெரனின் நிறுவனத்துக்குப் போனது. க்ளைமாக்ஸில் பாறை மனிதர்கள் கூட்டமாக எழுந்து வந்து துரத்த வேண்டும் என்பது ஷாட்னரின் திட்டம். பணம் போதாமல் கூட்டம் ஒற்றை ஆளாகச் சுருங்கியது. அந்த ஒரே உடையையும் போட்டு எடுத்துப் பார்த்தார்கள், ரப்பர் ரப்பராகவே தெரிந்தது. கடைசியில் அதையும் தூக்கிவிட்டு, ஒளிரும் முகம் ஒன்று பின்னால் பறந்து வருவதாக முடித்தார்கள். க்ளைமாக்ஸே இல்லாமல் முடிகிற படம் என்று தோன்றுவதற்குக் காரணம், க்ளைமாக்ஸ் உண்மையிலேயே எடுக்கப்படவில்லை என்பதுதான்.

வட்டத்தட்டு

லிஃப்ட் குழாய்க் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூவரும் ராக்கெட் பூட்ஸில் மேலே பறக்கிறார்கள். சுவரில் தள எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, 78 வரை. இதில் இரண்டு தவறு. இந்தக் கப்பல்களில் தளம் 1 உச்சியில் இருக்கும், கீழே போகப் போக எண் கூடும். மேலே பறந்தால் குறைய வேண்டும். இரண்டாவது, தளத்துக்கு 3 மீட்டர் என்றாலும் 78 தளத்துக்கு 234 மீட்டர் உயரம் வேண்டும். கப்பலின் நீளமே 305 மீட்டர். போதாததற்கு 52 என்ற எண் இரண்டு முறை கடக்கிறது.

பால்வீதியின் மையத்துக்கு ஒரு நாளுக்குள் போய்ச் சேர்கிறார்களே, அது இன்னும் பெரிய ஓட்டை. நாம் இருக்கும் இடத்திலிருந்து மையம் சுமார் 26,000 ஒளியாண்டு. இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான வாயேஜரில் 70,000 ஒளியாண்டுக்கு 75 ஆண்டு ஆகும் என்பதுதான் கதையே. அந்த வேகத்தில் இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 28 ஆண்டு ஆக வேண்டும்.

கயல்_47

தள எண் தப்பாக இருந்ததால் யாரும் தியேட்டரை விட்டு எழுந்து போகவில்லை. ஐந்தாம் பாகம் உடைந்தது எழுத்து மேசையில், அதுவும் ஒரே முடிச்சில்.

ஷாட்னரின் மூலக் கதையில், கடவுளைத் தேடிக் கப்பலைக் கைப்பற்றும் சைபாக்கின் பேச்சில் மயங்கி ஸ்பாக்கும் மெக்காயும் கர்க்கைக் கைவிடுகிறார்கள், கர்க் தனியாளாகிறார். தங்கள் பாத்திரங்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நிமாயும் கெல்லியும் மறுத்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம். ஆனால் அந்தத் துரோகத்தை எடுத்த பிறகு அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. சைபாக் கப்பல் முழுவதையும் வசப்படுத்துகிறான், கதைக்கு முக்கியமான மூவரை மட்டும் வசப்படுத்த முடியவில்லை. அப்புறம் என்ன பதற்றம் மிஞ்சும்? பாறை மனிதன் பத்துப் பேர் வந்திருந்தாலும் இது சரியாகியிருக்காது.

அதே நேரம், அந்த மூவரும் சைபாக்குக்கு வசப்பட மறுக்கும் காட்சியை எடுத்துப் பாருங்கள். சைபாக் மெக்காய்க்கு அவருடைய தந்தையின் மரணப் படுக்கையைக் காட்டுகிறான். வலி தாங்காமல் தந்தை கெஞ்ச, மருத்துவரான மகனே உயிர்காப்புக் கருவியை நிறுத்துகிறார். கொஞ்ச நாளில் அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறான். கெல்லியின் முகத்தில் அந்த நேரத்தில் வரும் உடைவு இந்தப் பட வரிசையிலேயே மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. அடுத்து கர்க்கின் முறை. என் வலி எனக்கு வேண்டும், அதுதான் நான் என்று மறுத்துவிடுகிறார். ஒரு படத்துக்கே போதுமான கரு அங்கே கிடக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடவுளைத் தேடிப் போனார்கள்.

நெடுவான்

ஏற்கிறேன். எஃபெக்ட்ஸைத் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுவர ஷாட்னர் பிற்பாடு விரும்பினார், ஸ்டுடியோ செலவு செய்யவில்லை. செய்திருந்தாலும் கடைசி பத்து நிமிடம்தான் மேம்பட்டிருக்கும். முதல் படத்துக்குக் கிடைத்த மீட்பு இதற்குக் கிடைக்காது.

வட்டத்தட்டு

ஏழாவது படத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஜெனரேஷன்ஸ், 1994 நவம்பர் 18. கேப்டன் பிக்கார்டின் குழு வரும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொலைக்காட்சித் தொடர் அதே ஆண்டு மே மாதம்தான் முடிந்தது. எழுதிய ரொனால்ட் மூரும் பிரானன் பிராகாவும் தொடரின் கடைசி எபிசோடையும் எழுதியவர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விடைபெறும் கதையாக எபிசோட்தான் மேல்.

படத்தின் சிக்கல் நெக்சஸ். 39.1 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஆற்றல் நாடாவுக்குள் போனால் காலம் கிடையாது, எந்த நேரத்துக்கும் வெளியே வரலாம் என்று படமே விதி சொல்கிறது. பிறகு பிக்கார்ட் ஏன் மலையுச்சியில் கடைசிச் சில நிமிடத்துக்குத் திரும்புகிறார்? சில நாள் முன்னால் போய், கப்பலின் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வில்லன் சோரனை, நட்சத்திரத்தை அவன் அழிக்கும் முன்பே, காவலில் வைத்தால் தீர்ந்தது. நட்சத்திரமும் தப்பும், கப்பலும் தப்பும், கர்க்கும் தப்பிக்கலாம். விதியை எழுதிவிட்டு அதைத் தாங்களே மறந்துவிட்டார்கள்.

பிக்கார்டின் கப்பலான எண்டர்பிரைஸ்-டி விழுந்த விதம் அடுத்த குறை. பொறியாளர் ஜோர்டியின் பார்வைக் கருவி வழியாக எதிரிக்குக் கேடய அலைவரிசை தெரிந்துவிடுகிறது. அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது 'போர்க்' என்ற இயந்திர மனித இனத்தோடு மோதியபோதே இந்தக் குழு கற்ற பாடம். இங்கே யாருக்கும் அது தோன்றவில்லை. எதிரிக் கப்பல் வெடிக்கும் ஷாட்டும் ஆறாம் பாகத்திலிருந்து (1991) எடுத்து ஒட்டியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

மினியேச்சர் மேசை

ஆனால் கப்பலின் வட்டத் தட்டுப்பகுதி காட்டுக்குள் இறங்கும் காட்சி! அதற்காகவே ஐ.எல்.எம். 12 அடி அகலத்தில் தனி மாடல் செய்தது, குட்டி மரங்களோடு ஒரு நிலப்பரப்பையும் கட்டியது. மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும்போது தூசி விழும் விதத்தில் எடை தெரிகிறது. மினியேச்சரை அதிவேகத்தில் படம்பிடித்துச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் வரும் எடை அது. அன்றைய கணினி வரைகலையில் அது கிடைத்திருக்காது.

பழைய ரீல்

கர்க்கின் மரணத்தை இரண்டு முறை எடுத்தார்கள். முதலில் சோரன் முதுகில் சுடுவதாக. முன்னோட்டப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை. மறுபடியும் நெவாடாவின் வேலி ஆஃப் ஃபயருக்குப் போய், பாலம் சரிந்து சாவதாக எடுத்தார்கள். எப்படிச் சாகிறார் என்பதைத்தான் மாற்றினார்கள். எதற்காகச் சாகிறார் என்பது அப்படியே மங்கலாக இருக்கிறது. அவர் காப்பாற்றும் மக்களில் ஒருவரைக்கூட நமக்குக் காட்டவில்லை. அண்டைக் கோளில் 23 கோடிப் பேர் என்று வசனத்தில் ஒரு எண் வருகிறது, அவ்வளவுதான்.

கயல்_47

ஒன்பதாவதைச் சுருக்கமாக முடிக்கிறேன், அதற்கு மேல் அதில் இல்லை. இன்சரெக்‌ஷன், 1998. ஜோனதன் ஃப்ரேக்ஸ் இயக்கம். 600 பேர் வாழும் கோளில் இளமை தரும் கதிர்வீச்சு. அவர்களைக் கடத்தி வேறிடத்தில் வைத்துவிட்டுக் கதிர்வீச்சை எடுக்கப் பார்க்கிறது பிக்கார்டின் தரப்பான கூட்டமைப்பின் ஒரு பிரிவு. எத்தனை பேர் என்றால் அது அநியாயமாகும் என்று பிக்கார்ட் அட்மிரலைக் கேட்கும் இடம் அருமை. ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தை யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. அதே சமயத்தில் டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் டொமினியன் போர் நடக்கிறது, பிணங்கள் குவிகின்றன. ஒரு மருத்துவரை எழுப்பிவிட்டு, காயம்பட்டவர்களுக்காக இதைக் கேட்கிறேன் என்று பேச வைத்திருந்தால் படம் நிமிர்ந்திருக்கும். பேராசைக்கார வில்லன் ஒருவனை வைத்ததும் கேள்வி செத்துவிட்டது.

மினியேச்சர் மேசை

விண்வெளிக் கப்பல்கள் முழுக்கக் கணினி வரைகலையில் செய்யப்பட்ட முதல் ஸ்டார் ட்ரெக் படமும் அதுதான். சான்டா பார்பரா ஸ்டுடியோஸ் செய்தது. 1998-க்குக் குறை சொல்ல முடியாது, ஆனால் மேலே சொன்ன எடை இல்லை.

பழைய ரீல்

நெமிசிஸ். என் கணக்கில் இதுதான் அடிமட்டம், ஐந்துக்கும் கீழே.

பிக்கார்டின் குளோன் ஷின்சோனை உருவாக்கியவர்கள் ரோமுலன்கள் என்ற எதிரி இனத்தார். திட்டம் கைவிடப்பட்டதும் சுரங்கத்தில் தள்ளியவர்களும் அவர்களே. அவர்கள் செனட்டை அவன் முதல் காட்சியிலேயே அழித்துவிடுகிறான். பிறகு ஏன் பூமியை அழிக்கப் போகிறான்? பதில் இல்லை. உயிர் பிழைக்க பிக்கார்டின் இரத்தம் வேண்டும், நாள் குறைவு. பிக்கார்ட் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும்போது விருந்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் கப்பலில் 52 டிஸ்ரப்டர், 27 டார்பிடோ அறை என்று வசனம் அடுக்குகிறது. ஆயுதப் பட்டியல் இருக்கும் அளவுக்கு நோக்கம் இல்லை.

பிக்கார்டின் ஆண்ட்ராய்டு அதிகாரி டேட்டாவின் தியாகமும் இப்படித்தான். சாவதற்கு முன்பே தன் நினைவுகளை பி-4 என்ற இன்னொரு ஆண்ட்ராய்டுக்குள் பிரதியெடுத்து வைத்துவிடுகிறார். பார்வையாளன் அழத் தொடங்கும் முன்பே, கவலைப்படாதே, நகல் இருக்கிறது என்று சொன்ன மாதிரி. இரண்டாம் பாகத்தில் சாவதற்கு முன் ஸ்பாக் மெக்காயின் முகத்தில் கை வைத்ததும் அதே உத்திதான். ஆனால் அங்கே அது ஒரு நொடி, அர்த்தம் அடுத்த படத்தில்தான் புரிந்தது.

நெடுவான்

அளவுகோலுக்குத் திரும்புகிறேன். நெமிசிஸ் எடிட்டிங்கிலும் உடைந்த படம் அல்லவா? இயக்குநர் ஸ்டூவர்ட் பெய்ர்ட் அடிப்படையில் தேர்ந்த எடிட்டர், ஆனால் இந்தத் தொடரோடு பரிச்சயமில்லாதவர். 50 நிமிடம் அளவுக்கு வெட்டினார்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் திருமணத்துக்குப் பிறகு பிக்கார்டும் டேட்டாவும் மது அருந்தியபடி பேசும் காட்சி அதில் போனது. டேட்டாவின் முடிவுக்கு அடித்தளமே அதுதான். பாலைவனத்தில் ஜீப் துரத்தல் தங்கிவிட்டது. விண்வெளிக்குப் போகாத ஒரு நாகரிகத்தின் நடுவே வண்டி ஓட்டித் துப்பாக்கி சுடுவது இந்தக் கேப்டன் வாழ்நாள் முழுதும் காத்த விதிக்கே எதிரானது.

பழைய ரீல்

அந்தக் காட்சி டிவிடியின் நீக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது, நல்ல காட்சிதான். அதைச் சேர்த்தால் டேட்டா பகுதி தேறும். ஷின்சோன் தேறமாட்டான். அவனாக நடித்த டாம் ஹார்டி முழு உழைப்பைக் கொட்டியிருக்கிறார், பாத்திரத்தின் அடியில்தான் தரை இல்லை. வெளியான முதல் வார இறுதியில் 1.85 கோடி டாலர், இரண்டாவது வார இறுதியில் 44 லட்சம். நடுவில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வரிசையின் 'டூ டவர்ஸ்' வந்தது உண்மை. ஆனால் கூட்டம் நான்கில் ஒன்றாகக் குறைந்ததற்கு, பார்த்த ரசிகனே இரண்டாம் முறை போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விண்மீன்வழி

இழையை முழுதும் படித்தேன். இந்த ஐந்தில் எதையும் பார்க்காதவர் எந்த வரிசையில் பார்க்கலாம்? நல்ல படங்களை முடித்துவிட்டேன்: 2, 4, 6, 8.

நெடுவான்

முதலில் முதல் படம், இயக்குநர் பதிப்பு, பெரிய திரையில், விளக்கணைத்து. பிறகு மூன்றாவது. நீங்கள் அதை விட்டிருக்கிறீர்கள், இரண்டும் நான்கும் அதில்தான் இணைகின்றன. ஜெனரேஷன்ஸ் பார்க்கும் முன் தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்துவிடுங்கள். ஐந்தாவதில் யோசமிட்டி முகாம் காட்சியும் மெக்காய் காட்சியும் தவறவிடக் கூடாதவை. ஒன்பதாவது விடுமுறை மதியத்துக்கு. நெமிசிஸ் கடைசியில், நீக்கப்பட்ட காட்சிகளோடு சேர்த்து.

மினியேச்சர் மேசை

ஒன்று கவனித்தீர்களா, இந்த ஐந்தில் நான்குக்கு இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். ஏழாவது மட்டும் டென்னிஸ் மெக்கார்த்தி. படம் எப்படி இருந்தாலும் கோல்ட்ஸ்மித் ஒரு முறைகூடக் கை தளரவில்லை. 1979-இல் அவர் எழுதிய மையக் கருதான் பிறகு 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் தலைப்பிசையும் ஆனது.

முதல் படத்தில் வீஜர் வரும்போதெல்லாம் அடிவயிற்றில் அதிரும் உலோக ஓசை கேட்கும். அது சிந்தசைசர் அல்ல. பிளாஸ்டர் பீம் என்ற கருவி: ஆளைவிட மிக நீளமான அலுமினியச் சட்டத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டி, காந்த பிக்கப் பொருத்தி, கனமான உலோகத் துண்டால் தட்டி வாசிப்பது. வாசித்தவர் கிரெய்க் ஹக்ஸ்லி. 1967-இல் மூலத் தொடரில் கர்க்கின் அண்ணன் மகனாக நடித்த அதே சிறுவன். நல்ல ஹெட்போனில் மேகத்தின் முதல் காட்சியைக் கேளுங்கள், ஓசை அடங்கும் கடைசி நொடியில்கூட கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருப்பது கேட்கும்.